நடைபாதை போட ‘நமக்கு நாமே’ திட்டம்: காசு லேசு, கோப்புதான் கனம்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஒரு குடியிருப்போர் சங்கமோ நடைப்பயிற்சிக் குழுவோ அரசுப் பணத்தில் நடைபாதை கேட்டு அலைந்தால், பெரும்பாலும் வந்து சேருமிடம் ‘நமக்கு நாமே’ திட்டம்தான். 1997-98இல் தொடங்கியது, 2011இல் ‘தன்னிறைவுத் திட்டம்’ என்று பெயர் மாறியது, 2021இல் பழைய பெயரோடு திரும்பி வந்தது. கணக்கு ஒன்றும் சிக்கலில்லை. வேலையின் மதிப்பீட்டில் பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். மக்கள் பங்குக்கு மேல் வரம்பு கிடையாது. ஊரகப் பகுதியில் அந்தப் பங்கு பாதியைத் தொட்டுவிட்டால் வேலையை நன்கொடையாளரே எடுத்துச் செய்யலாம், அல்லது தாங்கள் சொல்கிற ஆளை வைத்துச் செய்யலாம்.

இந்தத் திட்டம் எந்த வேலைக்கு எவ்வளவு தோதுப்படும் என்ற மார்க்கை முதலிலேயே சொல்லிவிடலாம். உள்ளாட்சியின் பெயரில் வில்லங்கமில்லாமல் இருக்கிற இடத்தில் அரை கிலோமீட்டர் நடைபாதை என்றால் ஐந்துக்கு நான்கு. குளக்கரை, வாய்க்கால் கரை என்றால் இரண்டு. தனி சைக்கிள் பாதைக்கு ஒன்றரை கொடுப்பதே தாராளம். கோவை ரேஸ்கோர்ஸைச் சுற்றியுள்ள இரண்டரை கிலோமீட்டர் மாதிரி வேண்டும் என்று மனுவில் எழுதவே எழுதாதீர்கள். அது ஸ்மார்ட் சிட்டி பணம், அந்தப் பணம் வேறு அளவு.

மனு ஒரு வெள்ளைத்தாள் சமாச்சாரம்தான். மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையருக்கு, பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு, ஊராட்சி என்றால் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாக ஆட்சியருக்கு. வேலையின் பெயர், வார்டு, சர்வே எண், நீளம், அகலம், நாலு போட்டோ, சங்கத்தின் பதிவு எண், பங்குத்தொகை கட்டச் சம்மதம் என்ற தீர்மான நகல், இவ்வளவு போதும். தபால் பிரிவில் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் வேகமாக நடக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அங்கே கொடுத்த மனு சுற்றிவிட்டு அதே இளநிலைப் பொறியாளர் மேசைக்குத்தான் வரும். முதல் மனுவை உரிய அலுவலகத்தில் கொடுங்கள், ஆட்சியரகத்தை நினைவூட்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு படுத்துவிடுவது இட விவகாரத்தில்தான். கொங்கில் நடைபாதை கேட்கிற இடங்கள் பெரும்பாலும் மனைப்பிரிவின் ரிசர்வ் சைட் ஓரமாக இருக்கும். மனை போட்டவர் பூங்காவுக்கு என்று வரைபடத்தில் காட்டிய இடத்தை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் வரைபடத்தில் பச்சையாக இருந்தாலும் பட்டா பழைய பெயரிலேயே கிடக்கும், நிர்வாக அனுமதி வராது. இணையத்தில் அ-பதிவேடும் (நிலம் யார் பெயரில் என்று காட்டுவது) புல வரைபடமும் எடுத்து, மனுவோடு தானப்பத்திர எண்ணையும் சேர்த்து வைத்தாலே பாதிக் கேள்வி அடங்கும். சாலையோரம் என்றால் சாலை யாருடையது என்பது அடுத்த கேள்வி. நெடுஞ்சாலைத் துறைச் சாலையில் மாநகராட்சி நினைத்த மாத்திரத்தில் கல் பதிக்க முடியாது, தடையின்மைச் சான்று வேண்டும். கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் கரையும் பெரிய குளங்களின் கரைகள் பலவும் நீர்வளத் துறையின் கையில். தூர்வார ஜே.சி.பி. போய்வர வழி வேண்டும் என்று அவர்கள் சொல்வது நியாயமான ஆட்சேபணை. எனவே கரை உச்சியில் 3 மீட்டரை வண்டிப்பாதையாகவே விட்டு, அதையே நடக்கவும் பயன்படுத்துகிறோம் என்று எழுதினால் சம்மதம் கிடைக்க வாய்ப்பு அதிகம். கரையில் பேவர் பிளாக் கல்லும் வேண்டாம். கரை மண் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும், கல் பல்லைக் காட்டிவிடும். 100 முதல் 150 மில்லிமீட்டர் கிராவல் போட்டு ரோலர் ஓட்டினால் போதும், கெட்டுப்போனால் மறுபடி கொட்டிக்கொள்ளலாம்.

மதிப்பீடு தயாராகும்போது பொறியாளரோடு உட்காராத சங்கம் பிறகு புலம்பிப் பயனில்லை. இந்திய சாலைப் பேரவையின் ஐ.ஆர்.சி. 103 விதி நடைபாதைக்குத் தடங்கலில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், தலைக்கு மேல் 2.2 மீட்டர், கெர்ப் (ஓரக்கல்) உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிகாமல் என்கிறது. ‘தடங்கலில்லாத’ என்பதைக் கவனியுங்கள். மின்கம்பம், மின்மாற்றி, மரம் எல்லாம் அந்த 1.8க்கு வெளியே நிற்க வேண்டும். கம்பத்தை நகர்த்தும் செலவை மின்வாரியம் டெபாசிட் வேலை என்று நம்மிடம்தான் கேட்கும். மதிப்பீட்டில் அதைச் சேர்க்காமல் விட்டால் நடுப்பாதையில் கம்பத்தைக் கட்டிப்பிடித்துத் திரும்ப வேண்டியதுதான்.

500 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் என்றால் 900 சதுர மீட்டர். அடியில் 150 மில்லிமீட்டர் கிராவல் அடுக்கு 135 கன மீட்டர், அதாவது நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 48 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி). இது கெட்டிப்படுத்திய பிறகான அளவு, லாரியில் வருவது இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அதன் மேல் 30 மில்லிமீட்டர் எம் சாண்ட் படுக்கை 27 கன மீட்டர், ஒன்பதரை யூனிட். இரு பக்கமும் கெர்ப் கல் ஆயிரம் மீட்டர். ஆட்கள் மட்டும் நடக்கும் இடத்துக்கு எம்-30 என்ற கான்கிரீட் வலிமைத் தரத்தில் 50 மில்லிமீட்டர் கனக் கல் போதும் என்றுதான் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஆனால் நம் ஊரில் நடைபாதையில் டூவீலர் ஏறாமல் இருக்காது. எம்-35, 60 மில்லிமீட்டர் கேளுங்கள்.

எம் சாண்டுக்குப் பதில் கிரஷர் டஸ்ட் கொட்டுவது பரவலான பழக்கம். டஸ்டில் மாவு அதிகம், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஐப்பசி மழையில் கரைந்து ஓடும், அடுத்த வெயிலில் கல் ஆடும். பல்லடம், சூலூர் பக்கம் கரிசல் பட்டையில் வேலை என்றால் இன்னொரு தொல்லை உண்டு. கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். மேல் மண்ணை 300 மில்லிமீட்டர் வெட்டி எடுத்து கிராவல் நிரப்பும் இனம் மதிப்பீட்டில் தனி வரியாக இருக்க வேண்டும். செம்மண் பூமியில் இந்தச் செலவு தேவையில்லை.

வீட்டு வாசல் விஷயம் சின்னதாகத் தெரியும், பாதையைக் கெடுப்பதே அதுதான். கார் ஏற ஒவ்வொரு வீட்டுக்காரரும் நடைபாதையை வெட்டிச் சரிவு போட்டுக்கொண்டால் வயதானவர்கள் ஏறி இறங்கி அலுத்துப்போய்த் தார் ரோட்டிலேயே நடப்பார்கள். பாதை மட்டம் வாசலிலும் மாறக்கூடாது, சரிவு கெர்ப் ஓரத்தில் மட்டும் என்று வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பாதையின் இரு முனையிலும் 12க்கு 1 என்ற சாய்தளம். வண்டிகளைத் தடுக்கக் குத்துக்கல் நட்டால் இடைவெளி 1.2 மீட்டர், ரொம்பக் குறுகினால் சக்கர நாற்காலிக்குச் சிரமம்.

கல் பதிப்பதற்கு முன் பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், கேஸ் குழாய் மூன்றும் அந்தத் தெருவில் முடிந்துவிட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். போட்ட மூன்றாம் மாதம் தோண்டிய பாதையை யாரும் பழைய மட்டத்துக்குத் திருப்பியதில்லை.

பணம் சேர்ப்பது இங்கே பெரிய பாடு இல்லை. கோயில் கும்பாபிஷேகத்துக்குச் சேர்க்கும் ஊர் நடைபாதைக்குச் சேர்க்காதா என்ன. கவனம் வேண்டியது வரிசையில். 18 லட்சம் மதிப்பீடு என்றால் பங்கு 6 லட்சம். இந்த 18, ஜி.எஸ்.டி.யும் தொழிலாளர் நல நிதியும் சேர்த்த மொத்தம். வெறும் கல், மண் கணக்கை வைத்து வசூல் செய்தால் கடைசியில் லட்சக்கணக்கில் துண்டு விழும். மதிப்பீடு இறுதியாகும் முன் டி.டி. (வங்கி வரைவோலை) எடுக்காதீர்கள், டி.டி.க்கு ஆயுள் மூன்று மாதம்தான். புது விலைப்பட்டியல் வந்து மதிப்பீடு ஏறினால் நம் பங்கும் ஏறும். பத்து சதவீதம் கூடுதலாகச் சங்கக் கணக்கில் வைத்திருப்பது நல்லது.

மில், பம்ப், பனியன் கம்பெனிகளிடம் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி) கேட்கலாம் என்று எல்லாக் கூட்டத்திலும் யாராவது சொல்வார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான் 2 சதவீதக் கட்டாயம். திருப்பூரில் போர்டு பெரிதாக இருக்கும் எத்தனையோ யூனிட்டுகள் பார்ட்னர்ஷிப் அல்லது தனி உரிமை, இந்தப் பிரிவு அவர்களைத் தொடாது. அவர்களிடம் நன்கொடையாகவே கேளுங்கள். 80ஜி என்று பழகிய நன்கொடை வரிச்சலுகை அவர்களுக்கு வேண்டுமென்றால் சங்கத்துக்கு அந்தப் பதிவு இருக்க வேண்டும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அந்தச் சலுகையும் கிடைக்காது. தொகுதி மேம்பாட்டு நிதி என்ற இன்னொரு கதவும் உண்டு. மக்கள் பங்கே கேட்காது, ஆனால் நடைபாதை என்பது எந்த சட்டமன்ற உறுப்பினரின் பட்டியலிலும் சமுதாயக் கூடத்துக்குக் கீழேதான் நிற்கும்.

டெண்டர் 2 கோடிக்குள் என்றால் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேர்தல் அறிவிப்பு வந்தால் புதுப் பணி ஆணை நிற்கும், தொடங்கிய வேலை நடக்கும். ஆகவே தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் மனுவோடு சேர்த்துப் பொறுமையும் வேண்டும்.

சைக்கிள் பாதைக்கு ஒன்றரை மார்க் கொடுத்த காரணம் திட்டத்தின் அளவு. ஒருவழிக்கே 2 மீட்டர் அகலம் வேண்டும், அதுவும் வீட்டிலிருந்து வேலை வரை அறாமல் போக வேண்டும். அரை கிலோமீட்டர் துண்டுப் பாதை ஒரே வாரத்தில் கார் நிறுத்துமிடம் ஆகிவிடும். திருப்பூரில் சைக்கிள் மிதிப்பவர்களில் பெரும்பகுதி ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வீடு திரும்பும் பனியன் தொழிலாளிகள். இந்தப் பணத்தில் அவர்களுக்குச் செய்யக்கூடியது தெருவிளக்கும், பஸ் ஸ்டாப் அருகே கூரையும் பூட்டுக் கம்பியும் உள்ள சைக்கிள் ஸ்டாண்டும். வண்ணம் பூசிய பட்டையை விட இது நல்ல கோரிக்கை.

மின்சார ஸ்கூட்டர் மானியத்தையும் இதோடு குழப்பிக்கொண்டு மனு எழுதுகிறவர்கள் உண்டு. அது வேறு. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் வாங்கியவர் எந்த அலுவலகத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஷோரூமிலேயே ஆதார் முகச் சரிபார்ப்பு, இ-வவுச்சர், கையெழுத்து. முதல் நிதியாண்டில் (2024-25) பேட்டரித் திறனில் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் 5,000 ரூபாய், வண்டிக்கு அதிகபட்சம் 10,000. 2025-26இல் இரண்டும் பாதியானது. மானியம் இப்போதும் உண்டா என்று ஷோரூமில் கேளுங்கள், உண்டென்றால் விலையில் கழித்திருக்கிறார்களா என்று பில்லில் பாருங்கள், அவ்வளவுதான்.

திட்டத்தின் உண்மையான ஓட்டை பராமரிப்பு. கட்டி ஒப்படைத்ததும் சொத்து உள்ளாட்சியுடையது, ஆனால் கூட்டுவது, பெயர்ந்த கல்லை மாற்றுவது, விளக்கு பியூஸ் போனால் போடுவது எதற்கும் இந்தப் பணத்தில் இடமில்லை. டெண்டர் ஆவணத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எவ்வளவு என்று பணி ஆணை நாளிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பு பாதை முழுக்க நடந்து, இறங்கிய கல், உடைந்த கெர்ப் எல்லாவற்றையும் இடம் குறித்து போட்டோவோடு எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தக்காரர் செலவிலேயே சரியாகும். ஒரு மாதம் தாமதித்துப் போனால் அதே கல்லுக்குப் புது மதிப்பீடு போடுவார்கள், புது மூன்றில் ஒரு பங்கோடு.