பழைய ஃபைபர் படகு வாங்குவோர் கவனத்துக்கு: எண் எழுதியிருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள்

திருவொற்றியூர்க் கரையில் என் அண்ணனின் ஃபைபர் படகு வெயிலில் கிடக்கிறது. இயந்திரம் நன்றாக ஓடுகிறது, வலையும் புதியது. ஆனால் பெயர் மாற்றித் தருவதாகப் பணம் வாங்கிய தரகர் கொடுத்த பதிவுச் சான்று போலி. சென்னையில் பழைய படகு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

பல வருடங்கள் பிறர் படகில் பங்குக்குப் போன அண்ணன், அண்ணியின் நகையை அடகு வைத்து வாங்கிய முதல் படகு இது. காசிமேட்டில் அறிமுகமான தரகர் ஒருவர், தென்சென்னைக் குப்பம் ஒன்றில் இருந்த படகைக் காட்டினார். முத்திரைத்தாளில் எழுதி முழு விலையும் கைமாறியது. "விதிகளை எல்லாம் மாற்றிவிட்டார்கள் தம்பி, நீங்கள் போனால் அலையவிடுவார்கள். பெயர் மாற்றம், உரிமம், டீசல் எல்லாம் என் பொறுப்பு" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு கட்டணம் முளைத்தது. ஆய்வுக்கு, எண்ணுக்கு, கோப்பு நகர்வதற்கு என்று மொத்தம் 26,000 ரூபாய், அத்தனையும் ரொக்கம். ரசீது கேட்டால், சான்றோடு சேர்ந்து வரும் என்பார். கடைசியில் லேமினேட் செய்த சான்று ஒன்று வந்தது. பெயிண்டரையும் அவரே அனுப்பி, முகப்பின் இரண்டு பக்கமும் எண்ணை எழுத வைத்தார்.

இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பெரிய விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, எங்கள் ஃபைபர் படகு போல இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுகள் போகலாம். அந்த நாட்களில் தொழிலுக்குப் போய்த் திரும்பிய அண்ணனைக் கரையில் நிறுத்திய அதிகாரி, "இது விசைப்படகின் எண் ஆயிற்றே, தடைக்காலத்தில் எப்படிப் போனீர்கள்?" என்று கேட்டார். எண்ணில் நாடு, மாநிலம், மாவட்டக் குறிகளுக்கு அடுத்து வரும் எழுத்துகள் படகின் வகையைக் காட்டும். விசைப்படகுக்கு 'எம்எம்', இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 'எம்ஓ'. எங்கள் ஃபைபர் படகில் 'எம்எம்' இருந்தது. அலுவலகக் கணினியில் தேடியபோது, காசிமேட்டில் கட்டிக் கிடக்கும் வேறொருவரின் விசைப்படகின் விவரம் வந்தது. அந்த மனிதருக்கே இது தெரியாது.

இதைச் சின்ன மோசடி என்று யாரும் சொல்ல வேண்டாம். 2008இல் மும்பையைத் தாக்கியவர்கள் கடத்தப்பட்ட மீன்பிடிப் படகில்தான் வந்தார்கள். அதற்குப் பிறகு கடலில் ஒரு படகின் எண் பொருந்தவில்லை என்றால் அதில் இருப்பவர்கள் என்ன பாடுபட வேண்டியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு நடுங்குகிறது. 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் பரவியபோது பாதிக்கப்பட்ட படகுக்கு 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. அப்படி ஒரு நாளில், ஊரான் எண்ணை எழுதிய படகுக்கு யார் என்ன கொடுப்பார்கள்? வரி விலக்கு டீசலும் கிடைக்காது.

பதிவு வேறு, உரிமம் வேறு. படகு யாருடையது என்பதைப் பதிவு சொல்கிறது. மீன்பிடிக்கும் உரிமம் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருவது. இரண்டுக்கும் இணையவழி விண்ணப்பம் இருக்கிறது. விண்ணப்பித்தால் அதற்கென்று ஓர் எண் கிடைக்கும், அரசுக்குக் கட்டிய பணத்துக்கு ரசீது கிடைக்கும். இவை இல்லாமல் ஒருவர் ரொக்கம் கேட்டால் அது கட்டணம் அல்ல, பிடுங்கல். படகு பிடித்துப்போனால், விற்பவரையும் அழைத்துக்கொண்டு மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். பதிவு எண் அவர் பெயரில் இருக்கிறதா, சான்றில் உள்ள இயந்திர எண்ணும் இயந்திரத்தில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். கணினியில் உங்கள் பெயர் ஏறும்வரை விலையில் ஒரு பகுதியைக் கையிலேயே வைத்திருங்கள். பணம் முழுதாகப் போய்விட்டால் விற்றவர் கையெழுத்துப் போட வரமாட்டார். எங்களுக்கு அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். தரகரின் கைப்பேசி அணைந்தே இருக்கிறது. நடுத்தர வயது, வெள்ளைச் சட்டை, எப்போதும் கையில் ஒரு நீலக் கோப்பு. இப்போது பழவேற்காடு பக்கம் படகு காட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். அங்கே உறவினர் இருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.