'எல்லா டபள் கெப்புக்கும் சரிவரும்' என்று சொல்லி விற்கிற பின்பெட்டிக் கவர்

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் டபள் கெப்புக்கு, அதாவது பின்னால் திறந்த பெட்டி உள்ள நாலு கதவு வண்டிக்கு, கவர் போட யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். இரும்பு மூடியையோ ஃபைபர் கனொப்பியையோ சொல்லவில்லை. இரண்டு பக்கமும் அலுமினிய ரெயில் பூட்டி, மேலே விரித்து, வேண்டாதபோது சுருட்டி வைக்கிற கறுப்பு வைனல் கவரைத்தான் சொல்கிறேன். கடையின் பெயரைப் போடப் போவதில்லை, கேட்டு மெசேஜ் அனுப்பவும் வேண்டாம். அந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டுப் பக்கத்துக் கடையில் இதே ஆட்டத்தில் மாட்டினால் என்ன பிரயோசனம்? ஆட்டம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

கொட்டாஞ்சேனையில் பெயர்ப்பலகை வேலை செய்கிறேன். வண்டி 2012 டொயோட்டா ஹைலக்ஸ் விகோ. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள். திறந்த பிறகும் புது வண்டி விலை நம் கைக்கு எட்டவில்லை. ஆகவே இருக்கிற வண்டியிலேயே வருஷத்துக்கு ஒன்றாக எதையாவது பூட்டிக்கொண்டே வந்தேன். கெபினுக்குப் பின்னால், பெட்டியின் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நிற்கிற வளைந்த குழாய், றோல் பார். ஏணியும் குழாயும் ஏற்ற இரும்பு ராக். பெட்டிக்குள் கீறல் விழாமல் இருக்கப் பிளாஸ்டிக் லைனர். இந்த மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க இவைதான்.

கவர் எதற்கு என்றால், பின்னால் போகிற சாமான் அப்படி. பெயர்ப்பலகை விளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற எல்இடி பவர் பெக், ஸ்டிக்கர் ரோல், டிரில். கொழும்பில் ஐப்பசி கார்த்திகையில் பகல் முழுக்க வெயில் கொளுத்திவிட்டு நாலு மணிக்கு மேல் கொட்டும். தறப்பாள் போட்டுக் கயிறு கட்டித்தான் இவ்வளவு காலமும் ஓட்டினேன். வெள்ளவத்தையில் ஒரு கடை, தெஹிவளையில் ஒரு கடை என்று ஒரே நாளில் இறங்கி ஏறும்போது, ஒவ்வொரு இடத்திலும் முடிச்சு அவிழ்த்துக்கொண்டு நிற்க முடியாது.

கடைக்குப் போவதற்கு முன்பே வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். றோல் பாரின் கால், ராக்கின் கால், லைனரின் விளிம்பு எல்லாம் கிட்டத்தில் எடுத்த படங்கள். வந்த பதில் ஒரு வொய்ஸ் மெசேஜ். "பிரச்சினை ஒண்ணும் இல்லண்ணா, இது யுனிவர்சல். எல்லா டபள் கெப்புக்கும் செட் ஆகும். றோல் பார் இருந்தாலும் ஓகே." விலை 95,000 ரூபா, பூட்டுக்கூலி உட்பட. ஒரு வருஷ வாறன்டி என்றும் சொன்னார்கள். அது வாயால் சொன்னதோடு சரி. முற்பணம் 50,000 கொடுத்தேன். பில்லில் எழுதியது "கவர் 1" மட்டும். வண்டி என்ன மொடல், கவர் என்ன மொடல், எதுவும் இல்லை. எழுதித் தாருங்கள் என்றதற்கு, பூட்டி முடித்ததும் சேர்த்து எழுதலாம் என்றார் முதலாளி.

பூட்டுகிற இடம் கடைக்குப் பக்கத்து ஒழுங்கை. வண்டியை உள்ளே விட்டதும் ஒரு பொடியன் வந்து, "வெயிலில் நிக்காதீங்கண்ணா, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்க, அதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றான். அவன் கனிவாகத்தான் சொன்னான். குடித்துவிட்டு வந்து பார்த்தால் லைனரின் மேல்விளிம்பைப் பல இடத்தில் வெட்டு கத்தியால் நறுக்கி எடுத்திருக்கிறார்கள். றோல் பாரின் இரண்டு கால்களும் வருகிற இடத்தில் புதுக் கவரையே முக்கோணமாக வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய வாயை மடித்துத் தைக்கக்கூட இல்லை, உள்ளே இருக்கிற வலைநூல் வெளியே பிசிராக நிற்கிறது. அதைவிடப் பெரியது, ரெயில் நிற்கவில்லை என்று பெட்டியின் தகட்டிலேயே டிரில் போட்டு ஸ்க்ரூ முறுக்கி, மேலே சிலிக்கன் பூசியிருந்தார்கள். ஓட்டை போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சத்தம் போட்டேன். "கெட்டியா நிக்கணும்னா இப்படித்தான் அண்ணா, எல்லாருக்கும் இப்படித்தான் செய்றோம்" என்றார் முதலாளி. கழற்றித் தாருங்கள் என்றேன். "வெட்டின கவரை நான் யாருக்கு விக்கிறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். என் வண்டிக்கு முன்னால் இன்னொரு வானைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மிச்சப் பணம் கையில் போனதும் அந்த வான் தானாக நகர்ந்தது.

கத்தி பட்டால் திருப்பியெடுக்க மாட்டார்கள். அவர்களுடைய முழு வியாபாரமும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. பொருந்துமா என்று பார்ப்பதற்கு முன்பே வெட்டிவிடுகிறார்கள், அதன் பிறகு அது உங்களுடைய சாமான்.

கொஞ்ச நாளில் நீர்கொழும்பில் ஒரு வேலை வந்தது. பேலியகொடையில் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறி, கெரவலப்பிட்டி தாண்டி வேகம் எடுத்ததும் பின்னால் படபடவென்று அடிக்கிற சத்தம். கண்ணாடியில் பார்த்தால், வெட்டிய முன்மூலை கழன்று காலிமுகத்திடல் பட்டம் மாதிரி எழும்பி நிற்கிறது. அந்தப் பாதையில் நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. வேகத்தைக் குறைத்து, சிக்னல் போட்டு ஓரத்தில் ஒதுக்கி, பழைய கயிற்றாலேயே கட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது மழை. வெட்டிய வாய்களாலும் ஸ்க்ரூ ஓட்டைகளாலும் தண்ணீர் இறங்கி, பவர் பெக் பெட்டி ஒன்று அடியில் ஊறிப்போயிருந்தது. எரியுமா எரியாதா என்று தெரியாத பவர் பெக்கை வாடிக்கையாளரின் பலகைக்குள் வைக்க முடியாது. அதுவும் நட்டம்.

வீட்டில் ரெயிலைக் கழற்றினேன். அதன் அடிப்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது, பாதி சுரண்டியிருந்தது. சுரண்ட மறந்த பாதியில் 'மெக்ஸ்' என்று தெளிவாக நிற்கிறது. இசுசு டி-மெக்ஸ் கெப்புக்கு வந்த கவரை ஹைலக்ஸில் ஏற்றியிருக்கிறார்கள்! பின்கதவுப் பக்கம் ரெயில் ஏன் இரண்டு விரல் கட்டையாக நின்றது, அந்த இடைவெளியில் ஏன் ஸ்பொஞ்சுத் துண்டு அடைத்திருந்தார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கியது. கெப் என்றால் எல்லாம் ஒரே பெட்டி இல்லை. ஹைலக்ஸிலேயே 2015 இல் வந்த ரெவோவின் பெட்டி வேறு, அதற்கு முந்திய விகோவின் பெட்டி வேறு.

இந்தக் கவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்தால், கடைக்காரர் சொல்வது சரியா பிழையா என்று நீங்களே பார்க்கலாம். பெட்டிச் சுவரின் மேல்விளிம்பு உள்பக்கமாக மடிந்து, கீழ்நோக்கி ஒரு தகடாக இறங்கும். ரெயிலை வைத்து, அந்தத் தகட்டைக் கிளாம்பால் கடிக்க வைத்து முறுக்குவதுதான் முறை. அப்படியென்றால் டிரில்லுக்கு வேலையே இல்லை. இப்போது லைனருக்கு வருவோம். பிளாஸ்டிக் லைனரில் இரண்டு விதம். ஒன்று விளிம்புக்குக் கீழேயே முடிந்துவிடும். மற்றது விளிம்பின் மேலே ஏறி மூடிக்கொண்டிருக்கும். மேலே ஏறுகிற வகை என்றால் கிளாம்ப் தகட்டைக் கடிக்காது, பிளாஸ்டிக்கைத்தான் கடிக்கும். நம் ஊர் வெயிலில் பிளாஸ்டிக் இளகி நெகிழ, முறுக்கியது தளர்ந்துவிடும். கிளாம்ப் வருகிற இடத்தில் மட்டும் அளவாக வெட்டிப் பூட்டலாம். அது செய்கிற வேலைதான். ஆனால் அதை முதலிலேயே சொல்லி, உங்கள் சம்மதத்தோடு செய்ய வேண்டும். பெயின்ட் மாதிரி தகட்டிலேயே ஸ்ப்ரே அடித்த லைனர் என்றால் இந்தத் தொல்லை இல்லை. உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் விளிம்புக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், வெறும் தகடு படுகிறதா பிளாஸ்டிக் படுகிறதா என்று.

றோல் பார்தான் அடுத்த வில்லங்கம். அதன் காலடித் தகடு சரியாக ரெயில் ஓட வேண்டிய பாதையில் உட்கார்ந்திருக்கும். கவரின் முன்பட்டி கெபினை ஒட்டிப் படிய வேண்டிய இடமும் அதுதான். ஆஸ்திரேலியாவில் றோல் பார் உள்ள கெப்புக்கு ஒரு கவர், இல்லாததற்கு வேறு கவர் என்று தனித்தனியாகவே விற்கிறார்கள். இங்கே ஒரே கவரும் ஒரு கத்தியும்தான். ராக் இருந்தால் அதன் கால் எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள். என்னுடையது விளிம்பின் மேல் போல்ட் போட்டது. சில ராக் கிளாம்பில் நிற்கும், கவரின் கிளாம்ப் கேட்கிற அதே தகட்டை அது ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் இரண்டில் ஒன்றுதான் நிற்கும். குறுக்குப் பெட்டியாக டூல் பொக்ஸ் வைத்திருப்பவர்களும் அதன் மூடி கவருக்கு மேலே நிற்குமா கீழே நிற்குமா என்று அளந்துகொள்ளுங்கள்.

ஆகவே கவரைப் பெட்டியின் மேல் சும்மா விரித்துக் காட்டச் சொல்லுங்கள். ரெயிலை வைத்து, கிளாம்பைக் கையால் மட்டும் முறுக்கி, பின்கதவைத் திறந்து மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். ரெயிலின் அடியில் இருக்கிற ஸ்டிக்கரைக் காட்டச் சொல்லுங்கள். எங்கேயாவது வெட்ட வேண்டும், துளைக்க வேண்டும் என்றால் எங்கே, எத்தனை என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். டீ பிறகு குடிக்கலாம். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற கடையில் மிச்சம் கேட்க ஒன்றும் இல்லை, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும். நல்ல கவர், சரியான அளவு, ஒழுங்கான வேலை என்றாலும் துணிக் கவருக்குள் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும். பின்கதவின் பக்கவாட்டு இடுக்குகளைக் கவர் மூடுவதில்லை. அதற்கு ரப்பர் சீல் தனியாக ஒட்ட வேண்டும். களவுக்கும் இது பூட்டு இல்லை, பிளேடு ஒன்று போதும். 'நூற்றுக்கு நூறு வோட்டர்புரூப்' என்று யாராவது சொன்னால் அந்த வாயிலிருந்து வருகிற மற்றதையும் பாதிதான் நம்ப வேண்டும்.

கடைசியில் வேலை முடிந்தது மருதானையில், குஷன் வேலை செய்கிற ஒரு நானாவிடம். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு சாமான் பூட்டியிருக்கிற பெட்டிக்கு ரெயில் கவர் சரிவராது தம்பி" என்றார். லொறிக்குப் போடுகிற தடித்த பிவிசி துணியை எடுத்தார். றோல் பார் காலுக்கும் ராக் காலுக்கும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற மடிப்பு வைத்து, விளிம்பெல்லாம் இரட்டையாக மடித்துப் பொலியெஸ்டர் நூலில் தைத்தார். பருத்தி நூல் வெயிலுக்கும் மழைக்கும் உக்கிவிடும் என்றார். ராக்கில் ஏற்கெனவே இருந்த போல்ட்டுகளிலேயே கொக்கி மாட்டி, இழுவைக் கயிற்றால் பிடிக்க வைத்தார். புது ஓட்டை ஒன்றுகூட இல்லை. கூலியும் துணியும் சேர்த்து அந்தக் கவரின் பாதி விலைக்கும் குறைவு. பழைய ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுரண்டி, துருப்பிடிக்காமல் இருக்கப் பிறைமர் அடித்து அடைத்திருக்கிறேன். கடற்காற்று படுகிற ஊரில் பெயின்ட் போன தகட்டை அப்படியே விட்டால் சீக்கிரமே உதிரத் தொடங்கிவிடும்.

முறைப்பாடு செய்ய நினைப்பவர்களுக்கு: 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குபவரைத் தவறாக வழிநடத்தி வியாபாரம் செய்வது குற்றம். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். பில் எப்படி இருந்தாலும் வட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், 'றோல் பார் இருந்தாலும் ஓகே' என்ற அந்தக் குரல்தான் இப்போது என் கையில் இருக்கிற பெரிய சாட்சி. ஓட்டைகளுக்கும் லைனருக்கும் பவர் பெக்குக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை.

முறைப்பாடு போன விஷயம் காதில் விழுந்ததும் முதலாளி கவரைத் திருப்பி எடுக்கச் சம்மதித்தார். 95,000 இல் 30,000 தந்தார். 'வெட்டின கவரை யாருக்கு விக்கிறது' என்று கேட்டவர் இப்போது அதை எதற்காகப் பணம் கொடுத்து வாங்குகிறார் என்று உங்களுக்கே விளங்கும். ஆகவே அடையாளம் சொல்லிவிடுகிறேன். முன்பக்க இரண்டு மூலையிலும் முக்கோண வெட்டு இருக்கும், ஒருவேளை இப்போது ஒட்டுப்போட்டு மறைத்திருக்கலாம். இடது ரெயிலின் அடியில் பாதி சுரண்டிய ஸ்டிக்கர். வலது ரெயிலின் உள்பக்கம், பின்கதவிலிருந்து ஒரு முழம் தள்ளி, கழற்றும்போது என் ஸ்பனர் வழுக்கிய நீளமான கீறல். இந்த மூன்றும் உள்ள கவரை யாராவது புதுசு என்று விரித்துக் காட்டினால், அது விகோவுக்கும் பொருந்தாது, ரெவோவுக்கும் பொருந்தாது. டி-மெக்ஸ் வைத்திருப்பவர்களும் அதை 30,000க்கு மேல் கேட்காதீர்கள்.