வான் கோ படம் கேட்டேன், தலையை மட்டும் அனுப்பிட்டாங்க

காதுல கட்டு போட்டுக்கிட்டு ஓவியர் வான் கோ தன்னைத்தானே வரைஞ்ச அந்த செல்ஃப் போர்ட்ரெய்ட் இருக்குல்ல, அதோட கேன்வாஸ் பிரிண்ட் ஆன்லைன்ல வாங்கினேன், கடை பேரு வேணாம் விடுங்க. பேக்கிங் பக்கா, நாலு மூலைக்கும் தெர்மாகோல், துணியும் தொய்வே இல்லாம மரச்சட்டத்துல இழுத்து அடிச்சிருக்காங்க. பாராட்டு அவ்ளோதான்.

பிரிச்சா வெறும் முகம். லிஸ்டிங்ல முழு படத்தையும் காட்டிட்டு ஜூம் பண்ணி அனுப்பியிருக்காங்க. இடது பக்கம் பின்னாடி ஈசல்ல, அதான் படம் வரையற ஸ்டாண்டுல, ஒரு கேன்வாஸ் நிக்கணும், வலது பக்கம் சுவத்துல ஃபூஜி மலை இருக்கற ஜப்பான் பிரிண்ட் தொங்கணும், ரெண்டையும் காணோம். சப்போர்ட்ல கேட்டா "முகம்தானே சார் முக்கியம், பேக்ரவுண்டுதானே போச்சு"ங்கறாங்க.

அங்கதான் எனக்கு கடுப்பு. 1888 டிசம்பர் 23 ராத்திரி காதை அறுத்துக்கிட்டு பிரான்ஸ்ல ஆர்ல் ஊர் ஆஸ்பத்திரில கிடந்த மனுஷன், ஜனவரி 7 டிஸ்சார்ஜ் ஆகி அதே மாசம் கண்ணாடி முன்னாடி உக்காந்து வரைஞ்சது இது. உரோமத் தொப்பி, பச்சை ஓவர்கோட்டு எல்லாம் மாட்டிக்கிட்டு, அழுகையும் இல்லாம பரிதாபமும் கேக்காம நம்மள தாண்டி எங்கயோ பாக்கறாரு. பின்னாடி இருக்கற ஈசலும் ஜப்பான் படமும்தான் 'நான் இன்னும் ஓவியன்தான்யா'ன்னு அவர் சொல்ற இடம்னு எனக்குப் படும், அதை வெட்டிட்டா மிச்சம் கட்டு போட்ட ஒரு பேஷண்ட்தான்.

கலராவது ஒழுங்கா இருக்கான்னா அதுவும் இல்ல. ஒரிஜினல்ல முகத்துல பச்சையும் மஞ்சளும் கோடு கோடா ஓடும், அதுலயே ஆள் எவ்ளோ ஆடிப்போயிருக்காருன்னு தெரியும், இவங்க கல்யாண ஆல்பத்துக்கு டச்சப் பண்ண மாதிரி ரோஸ் ஆக்கிட்டாங்க. பளபளன்னு கிளாஸி ஃபினிஷ் வேற, லைட்டைப் போட்டா மூக்கு மேல டியூப்லைட் தெரியுது.

ஒண்ணு மட்டும் கடைக்காரங்க தப்பு இல்ல. கட்டு வலது காதுல இருக்கு, ராங் பிரிண்டுன்னு யாரோ ஒரு ஸ்டார் போட்டிருக்காங்க. அறுத்தது இடது காதுதான், கண்ணாடியைப் பாத்து வரைஞ்சதால பக்கம் மாறி வந்திருக்கு, ஒரிஜினலே அப்படித்தான்.

வாங்கறதா இருந்தா ஒரிஜினல் இருக்கற லண்டன் கோர்ட்டால்ட் கேலரி சைட்ல முழு படத்தைப் பாத்துட்டு, ஈசலும் ஜப்பான் பிரிண்டும் வருமான்னு கேட்டுட்டு ஆர்டர் போடுங்க. நான் ரிட்டர்ன் போட்டாச்சு, பிக்கப்புக்கு இன்னும் ஆள் வரல, அதுவரைக்கும் ரோஸ் வான் கோவை சுவத்தைப் பாத்து திருப்பி வச்சிருக்கேன்.