விடுபட்ட தேதிகளும் எக்செல் சார்ட்டும்: மீன் விலைக் கணக்கில் என் பல வருஷ அனுபவம்

கடலூர் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து புதுச்சேரி ஓட்டல்களுக்கு அனுப்புவது எங்கள் குடும்ப வியாபாரம். எந்த மீன், எத்தனை கிலோ, என்ன விலை என்ற தினக்கணக்கைப் பல வருஷமாக நான்தான் எக்செல்லில் பார்த்துக்கொள்கிறேன். கூட்டல் கழித்தலில் ஒரு தொல்லையும் இல்லை. விலையைச் சார்ட்டாகப் போடும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் கணக்கில் எல்லாத் தேதியும் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகில் வருவதுதான், அதிலும் வஞ்சிரம் தினமும் கிடைக்காது. ஐப்பசி கார்த்திகையில் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் யாரும் கடலுக்குப் போவதில்லை; 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது அப்படித்தான் வரிசையாகப் பல தேதி விட்டுப்போனது.

சார்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது கீழ் அச்சு. அதில் ரைட் கிளிக் செய்து ஃபார்மட் ஆக்சிஸ் போனால் டெக்ஸ்ட் ஆக்சிஸ், டேட் ஆக்சிஸ் என்று இரண்டு இருக்கும். டெக்ஸ்ட் என்றால் எக்செல் தேதியை வெறும் பெயராக எடுத்துக்கொண்டு, ஏப்ரல் 14க்குப் பக்கத்திலேயே ஏப்ரல் 23ஐ ஒட்டி வைத்துவிடும், ஒன்பது நாளில் மெதுவாக ஏறிய விலை ஒரே நாளில் செங்குத்தாக ஏறியது போலத் தெரியும். டேட் என்று மாற்றினால் விட்டுப்போன நாளுக்கும் உரிய இடம் ஒதுக்கிவிடும், வரிசை கலைந்திருந்தாலும் தேதிப்படி அடுக்கிக்கொள்ளும்.

ஆனால் அந்தத் தேதி உண்மையான தேதியாக இருக்க வேண்டும். நம் ஊர் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ரீஜன் (எந்த நாட்டு வழக்கப்படி தேதி எழுதுவது என்ற செட்டிங்) அமெரிக்க ஆங்கிலத்திலேயே இருக்கும். அதில் 15/04 என்று அடித்தால் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு செல்லின் இடது பக்கம் ஒதுக்கிவிடும். 05/06 என்று அடித்தால் ஜூன் 5க்குப் பதில் மே 6 ஆக்கிவிடும். முதலாவது கண்ணில் பட்டுவிடும், டெக்ஸ்ட் டு காலம்ஸில் டிஎம்ஒய் (நாள், மாதம், வருஷம் என்ற வரிசை) கொடுத்துச் சரிசெய்யலாம். இரண்டாவதுதான் ஆபத்து, பார்க்கச் சரியான தேதி போலவே உட்கார்ந்திருக்கும். அதனால் கணக்கு தொடங்கும் முன்பே ரீஜனை இந்தியாவுக்கு மாற்றிவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். விட்டுப்போன நாளில் கோடு என்ன செய்ய வேண்டும்? செலக்ட் டேட்டாவுக்குள் ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ் என்ற பட்டனில் மூன்று வழி இருக்கிறது: இடைவெளி விடுவது, ஜீரோவாகக் காட்டுவது, கோட்டால் இணைப்பது. இதற்குப் பொதுவான விடை கிடையாது என்பதுதான் இத்தனை வருஷத்தில் எனக்குத் தெளிந்தது. எடைக்கு ஜீரோ சரி. மீன் எடுக்காத நாளில் எடுத்தது 0 கிலோ என்பது உண்மை. விலைக்கு ஜீரோ பொய். அன்று வஞ்சிரம் கிலோ 0 ரூபாய்க்கு விற்கவில்லை, விலையே இல்லை. ஒரு முறை இணைத்த கோட்டோடு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தபோது என் மாமா, "என்னப்பா, மே மாசம் பூரா விலை சீரா ஏறியிருக்கே, நாம அப்போ மீனே எடுக்கலையே?" என்று கேட்டார். அதிலிருந்து விலைச் சார்ட் எல்லாவற்றுக்கும் இடைவெளிதான்.

இந்த மூன்று வழியும் உண்மையிலேயே காலியான செல்லுக்குத்தான். ஃபார்முலாவில் வெற்று மேற்கோள் குறி வரவைத்தால் பார்க்கக் காலியாக இருக்கும், ஆனால் சார்ட் அதை ஜீரோவாக்கிக் கோட்டைத் தரைக்கு இழுத்துவிடும். நான் செய்வது இது: தனி ஷீட்டில் முதல் தேதியை அடித்து, வருஷம் முழுக்க ஒரு நாள்கூட விடாமல் கீழே இழுத்துக்கொள்வேன், அப்புறம் அந்தத் தேதிக்குரிய விலையைத் தேடி எடுத்துவரும் எக்ஸ்லுக்அப் போட்டு, விலை கிடைக்காத இடத்தில் என்ஏ ஃபங்ஷன் வரும்படி வைப்பேன், செல்லில் #என்/ஏ (மதிப்பு இல்லை) என்று காட்டும். பழைய எக்செல்லில் அந்த #என்/ஏ வரும் இடத்தில் இரண்டு பக்கப் புள்ளியையும் கோடு இணைத்துவிடும். மைக்ரோசாஃப்ட் 365 எக்செல்லில் அதே பட்டனுக்குள், #என்/ஏவைக் காலி செல்லாகக் காட்டவா என்று ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டால் இடைவெளி விழும். #என்/ஏ இருக்கும் வரிசையில் சாதாரண ஆவரேஜ் வேலை செய்யாது என்பதால், கணக்குக்கு ஒரு நெடுவரிசை, சார்ட்டுக்கு ஒரு நெடுவரிசை என்று பிரித்து வைப்பது நல்லது.

மூவிங் ஆவரேஜ் டிரெண்ட்லைன் (கடைசிச் சில புள்ளிகளின் சராசரியைக் காட்டும் கோடு) போடுபவர்கள் கொஞ்சம் கவனிக்கணும். 7 என்று கொடுத்தால் அது ஏழு புள்ளியை எடுக்கும், ஏழு நாளை அல்ல. தடைக்காலத்தில் ஏழு புள்ளி சேர மூன்று வாரம்கூட ஆகலாம். வாரச் சராசரி வேண்டும் என்றால் நிபந்தனையோடு சராசரி எடுக்கும் ஆவரேஜ்இஃப்ஸில் தேதி எல்லை கொடுத்துக் கணக்கிடுவதே நம்பகமானது. பார் சார்ட் என்றால் டேட் ஆக்சிஸ் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது: வாரத்துக்கு ஒரு எண் இருந்தால் ஒவ்வொரு பாரும் ஒரு நாள் அகலத்துக்குச் சுருங்கி ஊசி போல நிற்கும், அங்கே டெக்ஸ்ட் ஆக்சிஸே மேல்.

இப்போது என் ஷீட்டில் 'காரணம்' என்று ஒரு நெடுவரிசை சேர்த்திருக்கிறேன். தடை, கூண்டு, வரத்து இல்லை, எழுத விட்டது என்று நான்கே சொல். இடைவெளியைப் பார்த்தவுடன் ஏன் என்று தெரிந்துவிடுகிறது. எடைக்கு ஜீரோ போடலாமா என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது, எழுத விட்ட நாளுக்கு ஜீரோ போட முடியாதே.

காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் கால்க் தாராளமாகப் போதும். அச்சில் டேட் வகையும், கோட்டின் ஆப்ஷன்ஸ் டேப்பில் அதே மூன்று வழியும் இருக்கின்றன. கூகுள் ஷீட்ஸ் ஏலத் தளத்தில் நின்றுகொண்டே போனில் எண்ணை ஏற்றுவதற்கு அருமை. சார்ட்டை மட்டும் நான் வீட்டுக்கு வந்து எக்செல்லில்தான் போடுகிறேன்.