முட்டி வலிக்கு எக்ஸ்ரேயா, எம்ஆர்ஐயா?

முட்டி வலி என்று பினாங்கில் யாரிடம் சொன்னாலும், "பேசாம எம்ஆர்ஐ எடுத்துடுங்கண்ணே" என்பார்கள். நான் எடுக்கவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறி இறங்கியதில் வந்த வலி, விடாமல் தங்கிவிட்டது. வயதும் ஐம்பதைத் தாண்டியாயிற்று. அரசு கிளினிக் டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "தேய்மானம்தான். எக்ஸ்ரேகூடக் கட்டாயமில்லை, மனசு கேக்கலன்னா எடுக்கலாம்" என்றார். மனசு கேட்கவில்லை. ஒரு எக்ஸ்ரே, அப்புறம் பிசியோ, அவ்வளவுதான். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

தெரிந்த விஷயங்களை நீட்ட வேண்டாம். எக்ஸ்ரே எலும்பையும் மூட்டு இடைவெளியையும் காட்டும். எம்ஆர்ஐ ஜவ்வு, தசைநார், குருத்தெலும்பு வரை காட்டும். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சே கிடையாது, ஆனால் முட்டி எக்ஸ்ரேயிலும் அது மிகக் குறைவுதான். மலேசியக் குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க 1 வெள்ளி (ரிங்கிட்). தனியார் எம்ஆர்ஐ ஆயிரத்தைக்கூடத் தாண்டலாம்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: படம் வந்த பிறகு வைத்தியம் மாறுமா?

எம்ஆர்ஐயின் சிக்கல், அது அதிகமாகக் காட்டுவது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 50 முதல் 90 வயது வரையுள்ளவர்களின் முட்டிகளை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. மெனிஸ்கஸ் ஜவ்வு (முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது) கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டி வலியோ விறைப்போ இருக்கவில்லை. நரைமுடி மாதிரி, வயதானால் ஜவ்விலும் கிழிசல் வருகிறது. வலியோடு போகிறவருக்கு அறிக்கையில் 'கிழிவு' என்று வந்தால், வலிக்குக் காரணம் அதுதான் என்று யார் உறுதி சொல்வது? ஆனால் அதைப் படித்தபின் தூக்கம் வராது. அடுத்து ஆபரேஷன் பேச்சு வரும். பின்லாந்தில் 2013இல் ஒரு சோதனை முடிவு வெளியானது: தேய்மானத்தால் வந்த கிழிவுக்கு ஜவ்வை வெட்டிச் சீர்செய்தவர்களும், செய்ததுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களும் ஓராண்டு கழித்து ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறியிருந்தார்கள். எனக்கு எம்ஆர்ஐ எதைக் காட்டியிருந்தாலும் தொடைத் தசைக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, வலிக்குத் தைலம் என்பதே பதிலாக இருந்திருக்கும்.

"இன்சூரன்ஸ் கார்டுதான் இருக்கே" என்பார்கள். பல மெடிக்கல் கார்டுகளில் ஸ்கேன் செலவு திரும்பக் கிடைக்க, பிறகு வார்டில் சேர்ந்திருக்க வேண்டும். சும்மா பார்க்கப் போனவரைப் படுக்கை வரை இழுத்துப்போக அது ஒன்றே போதும்.

எக்ஸ்ரே எடுப்பதானால் நின்றபடி எடுக்கச் சொல்லுங்கள். படுத்து எடுத்தால் உடல் பாரம் முட்டியில் விழாது, இடைவெளி உள்ளதைவிட அகலமாகத் தெரிந்துவிடும். எக்ஸ்ரேயையும் முழுதாக நம்ப வேண்டாம். படத்தில் மோசமான தேய்மானம் உள்ளவர் ஓடியாடுவார், படம் சுத்தமாக இருப்பவர் நொண்டுவார். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டியும், வயது 45 அல்லது அதற்கு மேல், நடமாடினால் வலி, காலை விறைப்பு இல்லை அல்லது அரை மணிக்கு மேல் நீடிப்பதில்லை என்றால், படமே இல்லாமல் மூட்டுத் தேய்மானம் என்று முடிவு செய்யலாம் என்கிறது.

அதற்காக எம்ஆர்ஐ வீண் என்று சொல்லவில்லை. என் அக்காள் மகன் ஃபுட்சால் ஆடும்போது முட்டியில் 'டப்' என்று சத்தம் கேட்டது, சில மணி நேரத்தில் வீங்கிவிட்டது, பிறகு காலை ஊன்றினாலே நழுவியது. அவனுக்கு எம்ஆர்ஐதான் சரி. மடக்கிய முட்டி பூட்டிக்கொண்டு நீளாவிட்டாலும் அப்படித்தான். கீழே விழுந்து நாலு எட்டு வைக்க முடியவில்லை, 90 பாகை மடக்க முடியவில்லை, அல்லது அடிபட்டவருக்கு வயது 55 அல்லது அதற்கு மேல் என்றால் எலும்பு முறிவைப் பார்க்க எக்ஸ்ரே உடனே வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் நான் எடுத்ததில்லை, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். நீர் கோத்திருப்பதையும் முட்டிக்குப் பின்னால் வரும் கட்டியையும் நன்றாகக் காட்டும். மூட்டின் ஆழத்துக்கு எட்டாது.

காய்ச்சலோடு முட்டி சூடாகி வீங்கினால் மட்டும் இந்த அலசல் எதுவும் பொருந்தாது. அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே முதல் வேலை, கிருமித் தொற்றா என்று பார்க்க, முட்டியில் ஊசி போட்டு நீரை எடுத்துச் சோதிப்பது.