ராட்செட் பெல்ட்டின் மிச்ச வாலை எப்படிக் கட்டுவது: சில வருட அனுபவம்

மதுரையில் குட்டி யானை ஓட்டுகிறேன். ஒரு நாள் கீழவாசலில் இருந்து பீரோ, கட்டில் ஏறும். மறுநாள் சோழவந்தான் பக்கம் வாழைத்தார். இடையில் யாராவது வீடு மாற்றினால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். கயிற்றை விட்டு ராட்செட் பெல்ட்டுக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. ராட்செட் என்பது பெல்ட்டின் நுனியை இடுக்கில் நுழைத்து, கைப்பிடியை முன்னும் பின்னும் அடித்து இறுக்குகிற இரும்புப் பூட்டு. பெல்ட் எத்தனை டன் தாங்கும் என்று கடையில் சொல்லிவிடுகிறார்கள். இறுக்கிய பிறகு தொங்குகிற மிச்ச வாலை என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. பெல்ட் சீக்கிரம் வீணாவதற்கும் வண்டியில் ஆபத்து வருவதற்கும் அந்த வாலும் ஒரு காரணம்.

5 மீட்டர் பெல்ட்டில் ஒரு ஃபிரிட்ஜைக் கட்டினால் 2 மீட்டருக்கு மேல் மிஞ்சும். அதை அப்படியே விட்டால் ரோட்டில் காற்று எடுத்துக்கொள்ளும். தேனி ரோட்டில் ஆண்டிபட்டி கணவாய்க்கு ஆனி, ஆடியில் போனவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வால் பாடியில் படபடவென்று அடித்துக்கொண்டே வரும். பெயின்ட் உரியும். நுனி பிரிந்து துடைப்பம் மாதிரி ஆகிவிடும், அப்புறம் ராட்செட்டின் இடுக்கில் நுழையாது. இதெல்லாம் பணச் செலவோடு போகும். பின்னால் டூவீலரில் வருகிறவர் முகத்தில் அடித்தாலோ, கீழே தொங்கிச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டாலோ அது வேறு கதை. சக்கரம் வாலை இழுத்தால் ராட்செட்டையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

அதிகமான நீளத்தை வெட்டிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அது சரியாக வராது. இன்று ஃபிரிட்ஜ் கட்டிய பெல்ட்டுதான் நாளை வைக்கோல் கட்டுக்கும் வேண்டும். ஒரே சாமானை மட்டும் ஏற்றுகிறவர்கள் வெட்டிக்கொள்ளலாம். வெட்டிய ஓரத்தை லைட்டரில் காட்டி உருக்கி அடைத்துவிட வேண்டும். பாலியஸ்டர் என்பதால் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆனால் நுனியில் குமிழ் மாதிரி தடித்தால் இடுக்கில் போகாது, சூடு ஆறுவதற்குள் தட்டையாக அமுக்கிவிடுங்கள்.

வாலைக் கட்டி வைக்க வெல்க்ரோ பட்டையைத்தான் முதலில் நிறைய நம்பினேன். புதிதில் அருமையாக இருந்தது. நம்ம ஊர்ப் புழுதியும் வைக்கோல் துணுக்கும் கொக்கிகளுக்குள் ஏறியதும் பிடிப்பு போய்விட்டது. பிரஷ் போட்டுத் தேய்த்தால் ஓரளவு மீளும், பழைய பிடிப்பு வராது. மூடிய வண்டியில் சுத்தமான சாமான் ஏற்றுகிறவர்களுக்கு இன்றும் அதையே சொல்வேன். கேபிள் டை உறுதிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் வெட்டிப் போட வேண்டும், வெட்டிய முனை கையைக் கிழிக்கும். வெள்ளை நிறத்தில் வருவது வெயிலில் காய்ந்து படக்கென்று உடைகிறது, கறுப்பு கொஞ்சம் தாங்கும். பலசரக்குக் கடை ரப்பர் பேண்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். சித்திரை வெயிலில் பெல்ட்டோடு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும்.

இத்தனையும் போன பிறகு என்னிடம் நிலைத்தது பழைய சைக்கிள் டியூப். பஞ்சர் கடையில் கேட்டால், "எடுத்துக்கங்கண்ணே, கிடக்குது" என்று தந்துவிடுவார்கள். டியூபை இரண்டு விரல் அகலத்துக்குக் குறுக்கே வெட்டினால் வளையம் கிடைக்கும். ஒவ்வொரு பெல்ட்டிலும் ஒரு வளையத்தை நிரந்தரமாகக் கோத்துவிடுங்கள். அதுதான் முக்கியம். தனியாக வைத்திருப்பது எதுவாக இருந்தாலும் வேண்டிய நேரத்தில் கையில் இருக்காது. வாலை ஒரு சாண் அளவுக்கு மடித்து மடித்து, இறுகிய பெல்ட்டின் மேலேயே வைத்து, வளையத்தை அதன் மேல் இழுத்து விட்டால் போதும். இருட்டில், மழையில், ஒற்றைக் கையால் கழற்றலாம். வெயிலில் ரப்பர் வெடிக்கத்தான் செய்யும், விரிசல் கண்டதும் மாற்றுங்கள்.

வால் ரொம்ப நீளமாக இருந்தால் வளையம் மட்டும் போதாது. அப்போது வாலை இறுகிய பெல்ட்டைச் சுற்றி, வந்த வழிக்குள்ளேயே நுழைத்து இழுத்து ஒரு முடிச்சு, அதை ஒட்டி இன்னொன்று. பிறகு மிச்சத்துக்கு வளையம். இந்த முடிச்சு வாலில் மட்டும்தான். சுமை தாங்குகிற பகுதியில் முடிச்சு போட்டால் பெல்ட்டின் பலம் பாதிக்குப் பாதி போய்விடும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ராட்செட்டை அடிக்கும்போது உள்ளே இருக்கிற உருளை சுமைப் பக்கத்தை மட்டும் சுற்றுவதில்லை, வாலையும் சேர்த்தே சுற்றுகிறது. வாலை ராட்செட்டை ஒட்டியே இறுக்கிக் கட்டிவிட்டால், வழியில் மறுபடி இறுக்கும்போது அந்தக் கட்டு தடுக்கும். அதனால் ராட்செட்டை விட்டு ஒரு சாண் தளர்வாக விட்டு அப்புறம் கட்ட வேண்டும். எந்த லோடும் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் அமுங்கி உட்காரும், பெல்ட் தளரும். திண்டுக்கல் பக்கம் போனால் வாடிப்பட்டி தாண்டுவதற்குள் ஒருமுறை இறங்கி ராட்செட்டை அடித்துப் பார்ப்பேன். கட்டு தளர்வாக இருந்தால் வாலை அவிழ்க்காமலே வேலை முடிந்துவிடும். வாலை ராட்செட் கைப்பிடியில் சுற்றுகிறவர்களும் உண்டு. அவசரத்தில் கழற்ற முடியாது என்பதால் எனக்கு அது பிடிக்கவில்லை.

இன்னும் கயிறு போடுகிறவர்கள் மிச்சக் கயிற்றைச் சங்கிலிப் பின்னலாகப் போட்டுப் பாருங்கள். வளையத்துக்குள் வளையம் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் நுனியை நுழைத்து நிறுத்த வேண்டும். நுனியை வெளியே எடுத்து ஒரே இழுப்பு இழுத்தால் மொத்தமும் பிரிந்துவிடும். பழைய லோடுமேன்கள் இதைக் கண் பார்க்காமலே செய்வார்கள். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள பெல்ட்டிலும் இது நன்றாக வருகிறது. 50 மில்லிமீட்டர் பட்டைக்கு ஒத்து வராது, பின்னல் முரண்டு பிடிக்கும், அதற்கு டியூப் வளையம்தான்.