249 கிராம்தான் சார், லைசென்ஸே வேண்டாம்

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு வாரமாக இழுத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கதையில் என் மடத்தனமும் பாதி இருக்கிறது, அதனால்தான். ஆனால் போன வாரம் ஆபீஸில் ஒரு தம்பி வந்து, "அண்ணா, ட்ரோன் வாங்கப் போறேன். 249 கிராம்தான், லைசென்ஸே வேண்டாமாம்" என்றான். கடைக்காரர் எனக்குச் சொன்ன அதே வசனம், எழுத்து பிசகாமல். சரி, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் கோயம்புத்தூர். வேலை விஷயமாகச் சென்னை போனபோது ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கினேன். கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே சரக்கு அந்தப் பக்கம் இன்னும் பல கடைகளில் இருக்கிறது. ஷோகேஸில் ட்ரோன் எதுவும் இல்லை. கேட்ட பிறகுதான் கடைப் பையன் மாடிக்குப் போய் ஒரு மஞ்சள் பையில் எடுத்து வந்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெட்டியைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

விலை 78,000 ரூபாய். பில் கேட்டேன். "பில் போட்டா ரேட் ஏறிடும் சார்" என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார். அதில் கடைப் பெயர்கூட இல்லை. பெட்டியில் இருந்த பேட்டரியைக் கழற்றிவிட்டு, "இது 34 நிமிஷம்தான் நிக்கும். உங்களுக்குப் பெரிய பேட்டரி போட்டுத் தர்றேன், 47 நிமிஷம்" என்று கூடுதலாக 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். சின்ன பேட்டரியைத் தன் டிராயரில் போட்டுக்கொண்டார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் நண்பர்கள் நாலு பேர் நீலகிரி கூடலூர் பக்கம் மலை ஏறுவதாகத் திட்டம். ஏற்பாட்டாளர் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆள். தலைக்கு 3,200 ரூபாய். "ட்ரோன் பர்மிஷன்" தனியாக 1,500. ஜிபே பண்ணும்போது வந்த பெயர் வேறு யாருடையதோ. கேட்டதற்கு, "அக்கா நம்பர் சார்" என்றார். பத்து நிமிடத்தில் ஒரு பிடிஎஃப் வந்தது. வட்ட சீல், பச்சை மையில் கையெழுத்து, என் பெயர், தேதி. அரசாங்கத்தில் பத்து நிமிடத்தில் எந்தக் காகிதம் கிடைத்திருக்கிறது? இந்தக் கேள்வி எனக்கு அன்று எழவில்லை.

காலை ஏழரை இருக்கும். தேயிலைத் தோட்டத்து வழியாக நடந்து, சோலைக்கு மேலே ஒரு புல்வெளிக்கு வந்தோம். "இங்கே எடுங்க சார், வியூ அள்ளும்" என்று கைடு சொன்னான். அங்கே ஒரு பழைய எல்லைக்கல் இருந்தது. அதன் மேல் பையை வைத்துவிட்டு ட்ரோனை ஏற்றினேன். ஆப்பில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ஆப் தடுக்கவில்லை என்றால் அனுமதி இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் போனால் அது கத்தும். சரணாலயம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

நாற்பது மீட்டர்கூட ஏறியிருக்காது. கீழே சரிவில் காட்டுமாட்டுக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்ததை திரையில்தான் பார்த்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கும், ஒரு கன்றும் உண்டு. இன்னும் கொஞ்சம் இறக்கினால் நல்ல ஷாட் என்று இறக்கினேன். முதலில் ஒரு பசு தலையைத் தூக்கியது. காது இரண்டும் விறைத்தன. அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடியது, நாங்கள் ஏறி வந்த பாதையை நோக்கி. அந்தப் பாதையில் மூச்சு வாங்கிக்கொண்டு பின்தங்கி வந்துகொண்டிருந்தான் எங்கள் நாலாவது நண்பன். பாதை ஓரத்தில் ஒரு பெரிய பாறை இருந்ததால் பிழைத்தான். கன்று தாயை விட்டுப் பிரிந்து சோலைக்குள் தனியாக ஓடியது. அப்புறம் சேர்ந்ததா, தெரியாது. அந்த வீடியோவை நான் இதுவரை இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

கால் மணி நேரத்தில் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் வந்தார். காக்கியும் ரப்பர் செருப்புமாக, வயதானவர். கத்தவில்லை. "தம்பி, மொதல்ல அதைக் கீழ இறக்குங்க" என்றார், அவ்வளவுதான். கைடு எந்தப் பக்கம் போனான் என்று தெரியவில்லை.

வனத்துறை ஆபீஸில் வனவரிடம் பிடிஎஃப்பை நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீலைப் பெரிதாக்கிப் பார்த்தார். "வனசரகம்னு போட்டிருக்கு. எங்க சீல்ல 'ச்' உண்டு சார்" என்று சொல்லிவிட்டு போனைத் திருப்பித் தந்தார். சரணாலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி தருவது தலைமை வன உயிரினக் காப்பாளர். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அது. 1,500 ரூபாய் பேக்கேஜில் வருகிற சமாச்சாரம் இல்லை. விலங்கைச் சீண்டினாலே குற்றம் என்று 27ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறது. எழுதி வாங்கிக்கொண்டு, 15,000 ரூபாய் ரசீதோடு கட்டச் சொல்லி, மெமரி கார்டை எடுத்துக்கொண்டு, சாயங்காலம் ட்ரோனைத் திருப்பிக் கொடுத்தார்கள். வழக்கு போட்டிருந்தால் என் கதி என்ன என்று இப்போதும் யோசிக்கிறேன். அவர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை.

ஏற்பாட்டாளர் போனை எடுக்கவில்லை. மறுநாள் குரூப்பிலிருந்தே என்னைத் தூக்கிவிட்டார். 1930 சைபர் கிரைம் எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் காட்டுக்குள் நடக்க வேண்டுமென்றால் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று வனத்துறையே 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் திறந்திருக்கிறது. ஆன்லைனில் பதிவு செய்யலாம். அதை விட்டுவிட்டு இந்த ஆளிடம் போனதற்கு ஒரே காரணம், இவர் ட்ரோனுக்கு "சரி" சொன்னார் என்பதுதான்.

இரண்டாவது அடி வீட்டில் விழுந்தது. மனைவி கேக் செய்ய வைத்திருக்கும் தராசில் சும்மா ட்ரோனை வைத்துப் பார்த்தேன். 290. தராசு கோளாறு என்று நினைத்து ஒரு பாக்கெட் வெண்ணெயை வைத்தேன்; சரியாகக் காட்டியது. பெரிய பேட்டரிதான் காரணம். பெட்டியில் போட்டிருக்கும் 249, அவர் டிராயரில் போட்டுக்கொண்ட சின்ன பேட்டரியோடு சேர்த்த எடை.

இந்த நாற்பது கிராம் ஏன் முக்கியம்? 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ, அதைத் தாண்டி 2 கிலோ வரை மைக்ரோ. பொழுதுபோக்குக்கு மைக்ரோ பறக்கவிடவும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆக, "லைசென்ஸ் வேண்டாம்" என்று கடைக்காரர் சொன்னது பொய்யே இல்லை. சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. லைசென்ஸ் வேண்டாம், ஆனால் மைக்ரோ என்றால் அந்த மாடலுக்கு வகைச் சான்றிதழ் வேண்டும், யூஐஎன் என்ற தனி அடையாள எண் வேண்டும். என்னுடையதற்கு இரண்டும் கிடைக்க வழி இல்லை. ஏனென்றால் வெளிநாட்டு ட்ரோனை முழுதாக இறக்குமதி செய்வதை 2022 பிப்ரவரி 9ஆம் தேதியே மத்திய அரசு தடை செய்துவிட்டது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு இவற்றுக்கு மட்டும் விலக்கு. மாடியிலிருந்து மஞ்சள் பையில் வந்த என் ட்ரோன் யாரோ ஒருவர் சூட்கேஸில் வந்திருக்க வேண்டும். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

எடை குறைந்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம் என்பதும் கதைதான். மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாத சிவப்பு மண்டலம் நானோவுக்கும் சிவப்புதான். ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தை இப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். பச்சை மண்டலத்தில் முன் அனுமதி இல்லாமல் 400 அடி வரை போகலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிதான். பீளமேட்டில் விமான நிலையத்தை வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் ஊரில் மொட்டை மாடியிலிருந்து ஏற்றுவதற்கே யோசிக்க வேண்டும். நீலகிரியில் காடு மட்டும் இல்லை, வெலிங்டன் ராணுவ முகாமும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருக்கின்றன. மாமல்லபுரம் போனால் தொல்லியல் துறை ஒரு பக்கம், கல்பாக்கம் அணுமின் நிலையம் ஒரு பக்கம். வரைபடத்தில் பச்சை என்பதாலேயே வனத்துறையும் தொல்லியல் துறையும் சரி சொல்லிவிட்டதாக ஆகாது. அவை தனித்தனிக் கதவுகள்.

கடைக்காரருக்கு போன் செய்தேன். "நீங்கதானே சார் பெரிய பேட்டரி கேட்டீங்க?" என்றார். நான் கேட்கவே இல்லை. சின்ன பேட்டரியாவது திருப்பித் தாருங்கள் என்றேன். 4,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்றார், என் பேட்டரியையே! நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினால், முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். எஸ்டிமேட் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அதில் கூட்டல்கூடத் தப்பாக இருக்கிறது.

ஆபீஸ் தம்பியிடம் தராசையும் சேர்த்துக் காட்டினேன். வாங்கவில்லை. என் ட்ரோன் அலமாரி மேல் இருக்கிறது. விற்றுவிடு என்கிறாள் மனைவி. யாரிடம், என்ன சொல்லி விற்பது? இன்று காலை அந்தக் கடைக்காரரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புது ஸ்டாக் போட்டிருக்கிறார். கீழே நாலு வார்த்தை: 249 கிராம். லைசென்ஸ் வேண்டாம்.